நாய்ச்சிங்கக்காரனின் படமும் நான் துடைத்த பொட்டும்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பழைய அச்சுப்படங்கள் விற்கும் கடையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவளுக்கு வேறு குணம் வர வழியில்லை. கடைக்குள் வரும் தாளைச் சந்தேகிப்பேன், அதைக் கொண்டுவரும் ஆளைச் சந்தேகிப்பேன், அதற்குச் சான்றிதழ் எழுதிய நிபுணரை இரண்டு மடங்கு சந்தேகிப்பேன். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. இப்போதும் சந்தையில் தக்காளியை ஏன் இந்தப் பக்கம் திருப்பி அடுக்கியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

இதை உங்களுக்காக எழுதுகிறேன். பலேர்மோவில் பிறந்து, இங்கேயே பழைய ஓவியங்களையும் தாள்களையும் பழுதுபார்க்கப் படித்து, இப்போது கடைகளிலும் ஏலக் கூடங்களிலும் அரும்பொருளகக் களஞ்சியங்களிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கிற எங்கள் பிள்ளைகள் நீங்கள். உங்களுக்குத் தெரிந்த இரசாயனம் எனக்குத் தெரியாது. எந்தக் கறையை எதனால் எடுப்பது என்று நான் சொல்லப் போனால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் அதைச் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதர் உங்கள் முன்னால் நின்று பதிலுக்குக் காத்திருக்கும்போது என்ன செய்யக்கூடாது என்று மட்டும் சொல்லலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். ஞாயிறு தமிழ் வகுப்பில் நீங்கள் படித்த தமிழ் இதற்குப் போதும். போதாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் மன்னாரிலிருந்து வந்தவள். வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன்: வீடு துடைத்தேன், மாடிப்படி கழுவினேன், வயதானவர்களைக் குளிப்பாட்டினேன். சென்ட்ராலே நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு சின்யோராவுக்கு, அதாவது ஒரு இத்தாலிய அம்மாவுக்கு, அச்சுப்படக் கடை இருந்தது. கிழமைக்கு மூன்று நாள் அதன் நிலம் துடைக்கப் போனேன். ஒரு நாள் சின்யோரா பழுப்பேறிய படம் ஒன்றை மேசையில் விரித்து, உருப்பெருக்கியால் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். துறவி ஒருவர் மண்டையோட்டை வைத்துக்கொண்டு யோசிக்கும் படம். நான் வாளியோடு பக்கத்தால் போனபோது மூக்கில் ஏதோ பட்டது.

"சின்யோரா, இதில் தேயிலை மணக்கிறது" என்றேன்.

இலங்கைக்காரிக்குத் தேயிலை மணம் தெரியாமல் இருக்குமா? யாரோ புதுத் தாளில் அச்சடித்து, தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்கியிருக்கிறார்கள். சின்யோரா குனிந்து மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாராட்டெல்லாம் இல்லை, அவர் வாயில் அது வராது. "இனி நிலம் துடைப்பதற்கு முதல் மேசையில் இருப்பதையும் மணந்து பார்" என்றார். அப்படித்தான் வாளி கையிலிருந்து போனது, உருப்பெருக்கி வந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மனுசி சொல்லித் தந்ததுதான். படத்தின் அடியைப் பார் என்பார். இடது மூலையில் ஓவியத்தைத் தீட்டியவன் பெயர் இருக்கும், வலது மூலையில் அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கியவன் பெயர், நடுவில் அச்சடித்து விற்றவன் பெயர். மூன்று பேரும் இது என்னுடையது என்கிறார்கள், இதில் எவன் பொய் சொல்லுகிறான் என்று முதலில் கண்டுபிடி என்பார். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். கடைக்குள் வரும் எந்தத் தாளையும் தொடுவதற்கு முன், அது வந்த கோலத்தை ஓர் அட்டையில் எழுத வேண்டும். கறை, கிழிசல், பூச்சி தின்ற ஓட்டை எல்லாம். எழுதாமல் தூசிகூடத் தட்டக் கூடாது.

எங்கள் கடைக்குப் பெரிய பெயர்கள் வருவதில்லை. வந்தால் சின்யோரா உறையைப் பிரிக்கும் முன்பே முகத்தைச் சுளிப்பார். எங்கள் பிழைப்பு இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை ஆட்களோடுதான். வாழ்நாள் முழுக்க ஒருவன் இன்னொருவனின் ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கியிருப்பான். அந்த ஓவியங்கள் தீயில் போயிருக்கும், அல்லது கோயிலோடு இடிந்திருக்கும். இன்று அந்த ஓவியன் என்று ஒருவன் இருந்ததற்கே இவன் படங்கள்தான் சாட்சி. அதுவும் முழுச் சாட்சி இல்லை. தகட்டில் செதுக்கியது தாளில் இடம் வலம் மாறி விழும். கவனமில்லாதவன் கையில் புனிதர்கள் எல்லாரும் இடக்கையால் ஆசீர்வதித்துக்கொண்டிருப்பார்கள். மடங்களுக்குப் படம் தீட்டிக்கொண்டு திரிந்த ஒரு ஓவியன் இருந்தான். அவன் படங்களில் கூட்டம் வந்தால் ஓரத்தில் கோணல் மூக்கோடு ஒரே ஆள் நிற்பான். அது அவனா, அவனுக்குப் பிடிக்காத வேறொருவனா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நான் பிடிக்காதவன் என்றுதான் சொல்வேன்.

இவர்களில் எனக்கு ஆகப் பிடித்தவன் நாய்ச்சிங்கக்காரன். அது நாங்கள் கடைக்குள் வைத்த பெயர். தகட்டின் மூலையில் அவன் போட்டது வெறும் மூன்று எழுத்து. வடக்கே பிளெமிஷ் நாட்டிலிருந்து கப்பலில் வந்தவன். எங்கோ போக இருந்தவன் பலேர்மோ துறைமுகத்தில் இறங்கி, பிறகு போகவில்லை. ஒரு கோயில் பங்குப் பதிவேட்டில் அவன் கல்யாணம் இருக்கிறது. மெழுகுதிரி செய்தவனின் விதவையைக் கட்டியிருக்கிறான். ஒரு மடத்துத் தலைவரின் முறைப்பாட்டுக் கடிதமும் இருக்கிறது: சிங்கம் கேட்டோம், இவன் நாய் தந்திருக்கிறான், திருத்தச் சொன்னால் மாட்டேன் என்கிறான் என்று. அவ்வளவுதான் அவன் வாழ்க்கை.

ஆனால் முறைப்பாடு உண்மை. அவன் செதுக்கும் சீலைகள் தண்ணீர் போல ஓடும். கோடுகள் உருவத்தின் ஓரத்துக்கு வர முன்பே நின்றுவிடும், அதனால் ஆட்களைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரியும். பெண்களுக்கு வடநாட்டுக் கனத்த தாடை. சிங்கம் மட்டும் துறைமுகத்து நாய். தொங்கும் காது, ஈரக் கண், எண்ணக்கூடிய விலா எலும்பு, அதற்கு மேல் ஒரு பிடரி மயிர். பாவி சிங்கத்தைக் கண்டதே இல்லை. மற்றவர்கள் வேறு யாருடையதோ படத்திலிருந்து சிங்கத்தைக் களவாகப் பார்த்துச் செதுக்கிவிடுவார்கள். இவன் தன் வாசலில் கிடந்ததைப் பார்த்துச் செதுக்கினான். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று அவனை மட்டும் நான் நம்பினேன்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு வியாழன் மத்தியானம் பரமேஸ் கடைக்கு வந்தார்.

பரமேஸ் யாழ்ப்பாணத்துக்காரர், சைவர், நாற்பது வயதிருக்கும். ஒரு வயதான பேராசிரியரின், எல்லாரும் புரொபெஸ்ஸோரே என்பவரின், வீட்டிலேயே ஒன்பது வருடம் தங்கி அவரைப் பராமரித்தவர். அந்தப் புரொபெஸ்ஸோரே எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். ஒரு மாதத்துக்கு முன்தான் இறந்திருந்தார். பரமேஸை நிலையத்தடித் தமிழ்க் கடையில் கண்டால் தலையசைப்பேன். அதற்கு மேல் பழக்கமில்லை.

அன்றைக்குத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஒன்று வந்திருந்ததால் முன்கடை நிறையச் சனம். சின்யோரா அவர்களோடு நின்றார். பரமேஸ் பின்பக்கம் வந்து, சீலையில் சுற்றிய ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"அக்கா, இதை ஒருக்கா பாருங்கோ. எனக்கு இப்ப வேலைக்கு நேரம் போட்டுது. நாளைக்குப் பின்னேரம் வாறன்."

"ஓம், வச்சிட்டுப் போங்கோ" என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. அவர் பஸ்ஸுக்கு ஓடினார். நான் சீலையைப் பிரித்தேன்.

நாய்ச்சிங்கம். அதன் தலையில் கை வைத்தபடி ஒரு பெண் புனிதர். சிங்கத்துக்கு இரையாகப் போட்டும் சிங்கம் தொடாத வேதசாட்சி. இந்தத் தாளை எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் புரொபெஸ்ஸோரே வாங்கியபோது, கொடுக்க மனமில்லாமல் நான்தான் பொதிசெய்து கொடுத்தேன். இப்போது அதன் கோலத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புனிதரின் நெற்றியில் மஞ்சளும் அதன் மேல் குங்குமமும் தடிப்பாக அப்பிக் கிடந்தது. சிங்கத்தின் நெற்றியிலும் ஒன்று. கீழ்ப்பக்கம் முழுக்கக் கற்பூரப் புகை. ஒரு மூலை கிழிந்திருந்தது.

சிங்கத்தோடு ஒரு பெண்ணைக் கண்டால் யாழ்ப்பாணத்துச் சைவர் வேறு யாரென்று நினைப்பார்? அது எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதும் வந்தது இரக்கமில்லை, எரிச்சல். நான் வேதக்காரி, மன்னார்க் கத்தோலிக்கப் பெண். எங்கள் ஆட்களும் சொரூபத்தின் காலைத் தடவித் தடவி நிறம் போக்குகிறவர்கள்தான். ஆனாலும் ஒரு வேதசாட்சியின் நெற்றியில் குங்குமம் கண்டபோது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. மறைப்பானேன், அப்படித்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. புரொபெஸ்ஸோரே செத்து ஒரு மாதம். அவரைப் பராமரித்தவர் அவருடைய படத்தைச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். இந்தத் தொழிலில் இதை எத்தனை தடவை கண்டிருப்போம்! ஒரு இத்தாலியன் கொண்டுவந்திருந்தால் எங்கே கிடைத்தது என்று நேரே கேட்டிருப்பேன். இவர் எங்கள் ஆள் என்பதால்தான் கேட்கவில்லை. கடைக்குள் ஒரு தமிழச்சி இருக்கிறாள், அதனால் தமிழர்கள் வீட்டு எசமானர்களின் பொருட்களை இங்கே கொண்டுவருகிறார்கள் என்று சின்யோராவுக்கு ஒரு எண்ணம் வந்தால் என் கதி என்ன? இந்த ஊரில் "உங்கள் ஆட்கள்" என்று தொடங்கும் வசனம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாமாருக்கும் தெரியும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு வேலை செய்தேன்.

முதலாவது, துடைத்தேன். அட்டை எழுதவில்லை. சின்யோரா முன்கடையிலிருந்து வர முன் பொட்டுகளையும் புகையையும் எடுத்துவிட வேண்டும் என்று கை பறந்தது. களவுப் படம் என்று நினைத்தவள் ஏன் துடைத்தாய் என்று கேட்பீர்கள். உரிமைக்காரரிடம் திரும்பிப் போகும்போது அது புரொபெஸ்ஸோரே வாங்கியபடி போகட்டும், எங்கள் ஆட்கள் செய்த வேலை யார் கண்ணிலும் படவேண்டாம் என்ற வெட்கம்தான். எப்படி எடுத்தேன் என்பதை விடுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபடி எடுத்தேன். முடித்ததும் எனக்கே என் கையை மெச்சத் தோன்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தொலைபேசியை எடுத்தேன். புரொபெஸ்ஸோரேக்குப் பிள்ளைகள் இல்லை. நாப்போலியில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன், பெரியவரின் படங்களை விற்க வேண்டும் என்று முந்தின கிழமைதான் எங்கள் கடையில் தன் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். அவரிடம், உங்கள் சித்தப்பாவின் படம் ஒன்று கடைக்கு வந்திருக்கிறது என்றேன். யார் கொண்டுவந்தது என்று கேட்டார். சொன்னேன். இரவுக் கப்பலில் ஏறுகிறேன், காலையில் வருவேன் என்றார்.

அதற்குப் பிறகுதான் சின்யோராவிடம் போய், துடைத்ததை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"முதலில் அந்த மனிதரிடம் கேட்டாயா?" என்றார்.

"திருடியவர் திருடினேன் என்று சொல்லுவாரா, சின்யோரா?"

அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

காலையில் அண்ணன் மகன் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. படத்தை முன்னால் வைத்தோம். அவர் சிங்கத்தைப் பார்க்கவில்லை, புனிதரைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை முதல் தடவை பார்ப்பவர்கூட நாயைக் கண்டு சிரிக்காமல் இருக்க மாட்டார். இவர் ஓரங்களைப் பார்த்துவிட்டு, "ஆம், இதுதான்" என்றார். என் சந்தேகம் மெல்ல இவர் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

"செத்த வீட்டுக்கு வந்தபோதுகூடப் பார்த்தேன்" என்றார். "சித்தப்பாவின் மேசை இழுப்பறையில், மற்றப் படங்களோடு கோப்புக்குள் இருந்தது. நான் நாப்போலி போனதும் இவன் எடுத்திருக்கிறான். இங்கிருந்து நேரே குவெஸ்தூராவுக்குப் போய் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்."

குவெஸ்தூரா என்றால் எங்களுக்கு வெறும் பொலிஸ் அல்ல. பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்கிற அனுமதி, அங்கேதான் புதுப்பிக்க வேண்டும். பரமேஸ் தன் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். அதை வைத்துத்தான் ஊரிலிருந்து மனுசியையும் மகளையும் கூப்பிட எழுதிப் போட்டிருந்தார். தமிழ்க் கடையில் அவர் அதைச் சொல்லிச் சந்தோசப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். இந்த நேரத்தில் ஒரு களவு முறைப்பாடு விழுந்தால் வேலை போகும். மனுசியும் மகளும் எந்த வருடம் வருவார்கள் என்று சொல்ல முடியாது. இவ்வளவும் நேற்றே எனக்குத் தெரிந்ததுதான். தொலைபேசியை எடுத்தபோது யோசிக்கவில்லை.

நான் கேட்டேன்: "சின்யோரே, நீங்கள் இழுப்பறையில் பார்த்தபோது படம் எப்படி இருந்தது?"

"இதே மாதிரித்தான்."

"கறை ஏதாவது?"

"ஒன்றுமில்லை. இப்போது இருப்பது போலவே சுத்தமாக இருந்தது. சித்தப்பா அவ்வளவு கவனமாக வைத்திருந்தார்."

இந்தப் படம் நேற்று மத்தியானம் வரை சுத்தமாக இருக்கவில்லை. அதில் இருந்த புகை ஒரு மாதத்துப் புகை இல்லை. வருடக்கணக்கில் விளக்கு வைத்த புகை. இவர் செத்த வீட்டில் இதைப் பார்க்கவே இல்லை. ஏதோ பழைய பட்டியலில் இருந்ததைக் கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறார். அவர் சொல்வது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். அதை நிரூபிக்க இருந்ததைத் துடைத்து எறிந்த ஆளும் நான்தான்.

பிள்ளைகளே, நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. அவர் முறைப்பாட்டில் எழுதுவதற்குப் பரமேஸின் முழுப்பெயரைக் கேட்டார். சின்யோரா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவ்வளவு நேரமும் நான் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னால் என் வேலை போகும். அட்டை எழுதாமல் தொட்டவளை இந்த ஊரில் எந்தக் கடையும் பிறகு தாளருகே விடாது. சொன்னாலும் யார் நம்புவார்? தமிழனுக்காகத் தமிழச்சி சொல்லும் கதை என்பார்கள். இரண்டு பேரும் கூட்டு என்று என் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பரமேஸ் குங்குமம் இருந்தது என்று சத்தியம் செய்தாலும் தாள் வெள்ளையாகத்தானே இருக்கிறது.

பிறகு சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் புத்தகத்தைத் திறந்தார். என் கை போய் அந்தப் புத்தகத்தை மூடியது. நான் மூடவேண்டும் என்று நினைத்து மூடியதாக ஞாபகமில்லை.

"இந்தப் படத்தை நேற்று நான் துடைத்தேன்" என்றேன். "அட்டை எழுதவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன, எங்கள் ஊரில் சாமிக்கு வைப்பது. கீழே புகை, வருடக்கணக்கான புகை. இவர் சுத்தமாகப் பார்த்தேன் என்கிறார். நான் தொடும்வரை இது சுத்தமாக இருக்கவில்லை."

அண்ணன் மகன் சிரித்தார். "உங்கள் ஆளைக் காப்பாற்றுகிறீர்கள்" என்றார். நான் எதிர்பார்த்த வசனம் சொல்லுக்குச் சொல் அப்படியே வந்தது.

சின்யோரா என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் தெரிந்த முகம் அவருடையது. அன்றைக்கு அது என்னைச் சந்தேகப்பட்டது. அந்தப் பார்வையை நான் மற்றவர்களுக்கு எத்தனை தடவை கொடுத்திருக்கிறேன், வாங்கியது அன்றைக்குத்தான். அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து ஜன்னல் பலகைகளைச் சாத்தினார், கடைக் கதவை மூடினார், மறைந்த கறைகளைக் காட்டும் ஊதா விளக்கைக் கொண்டுவந்து படத்தின் மேல் பிடித்தார்.

தாள் மங்கலான நீலமாகத் தெரிந்தது. புனிதரின் நெற்றி நடுவில் விரல் நுனி அளவில் மஞ்சட்பச்சையாக ஒன்று ஒளிர்ந்தது. நான் எடுத்தது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான்; தாளின் நாருக்குள் இறங்கிய மஞ்சள் அங்கேயே இருந்தது. சின்யோரா விளக்கைக் கீழே நகர்த்தினார். சிங்கத்தின் நெற்றியிலும் ஒன்று ஒளிர்ந்தது. புனிதரின் பாதத்தடியில் தொட்டுத் தொட்டுக் கும்பிட்ட இடம் முழுக்க மஞ்சள் விரல் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு.

"நாய்க்கும் வைத்திருக்கிறார்!" என்றார் சின்யோரா. அந்த நேரத்திலும் அவர் குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு விளக்கை அணைக்காமலே அண்ணன் மகன் பக்கம் திரும்பினார். "இது ஒரு மாதத்து வேலை இல்லை, சின்யோரே. நீங்கள் செத்த வீட்டில் பார்த்தது எந்தப் படம்? குவெஸ்தூராவில் நானும் வந்து இதைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கிறேன்."

அவர், தான் வேறு ஏதாவது படத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றார். ஒரு தாளுக்காக இவ்வளவா என்றார். கதவை அவரே திறந்துகொண்டு போனார். முறைப்பாடு ஒன்றும் போகவில்லை. பரமேஸின் பெர்மெஸ்ஸோ பிறகு சுகமாகக் கிடைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அதை நினைத்துக்கொண்டே மீதியை வாசிப்பீர்கள்.

கதவு சாத்தியதும் சின்யோரா கையை நீட்டினார். தாள் பழுதுபார்க்கும் பட்டறையின் சாவியைக் கொடுத்தேன். அது ஏழு மாதம் அவரிடமே இருந்தது. அவ்வளவு காலமும் படச் சட்டங்களுக்குத் தூசி தட்டினேன். "இப்போது அட்டையை எழுது" என்றார், "நேற்று வந்தபடி." எழுதினேன்.

பின்னேரம் பரமேஸ் வந்தார். நான் ஒன்றும் சொல்ல முன் படத்தைக் கண்டார். கண்டதும் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது என்ர படம் இல்லை."

"உங்கடதான் பரமேஸ்."

"இல்லை. என்ர அம்மனை எனக்குத் தெரியாதே? ஒரு தகட்டிலை இருந்து நூறு படம் அடிக்கலாம் எண்டு புரொபெஸ்ஸோரே எனக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வேறை ஒண்டை வச்சிருக்கிறியள். என்ர எங்கை?"

மாற்றிவிட்டேன் என்கிறார். நேற்று நான் அவரைக் கள்ளன் என்று நினைத்தேன், இன்றைக்கு அவர் என்னைக் கள்ளி என்று நினைக்கிறார். கோபம் வர வேண்டும். வரவில்லை. மறுபடி ஜன்னலைச் சாத்தி விளக்கைப் பிடித்தேன். நெற்றி ஒளிர்ந்ததும் அவர் இரண்டு கையையும் கூப்பினார். அந்த இருட்டுக்குள் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, தொலைபேசி எடுத்தது, காலையில் நடந்தது. வெளிச்சத்தில் சொல்லத் துணிவு வந்திருக்காது.

பிறகு கடைசியில், நேற்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "புரொபெஸ்ஸோரே உங்களுக்கு இதைத் தந்தவரோ?"

"ஓம். நான் வந்து ரெண்டாம் வருசம். சுவரிலை இருந்து விழுந்து கண்ணாடி உடைஞ்சு போச்சு. நீதான் இதைக் கும்பிடுறாய், நான் கும்பிடுறேல்லை, உன்ர அறையிலை கொண்டுபோய் வை எண்டு தந்தவர். அவரின்ர தங்கச்சிக்கும் தெரியும். அவ பலேர்மோவிலைதான் இருக்கிறா, கேக்கலாம்."

இரண்டு நிமிடம் எடுத்தது அந்தப் பதில். சாட்சியும் உள்ளூரிலேயே இருந்தார்.

"அப்ப ஏன் விக்கக் கொண்டந்தனீங்கள்?" என்று கேட்டேன். அந்தக் கட்டத்திலும் எனக்குள் இருந்த பிராணி சாகவில்லை.

"விக்கவோ? ஆர் சொன்னது? பிரான்காச்சோவிலை அறை எடுத்திருக்கிறன், சாமான் ஏத்தேக்கை மூலை கிழிஞ்சு போச்சு. நீங்கள் ஒட்டித் தருவியள் எண்டுதான் கொண்டந்தனான்." கிழிந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், அக்கா."

பொட்டை அழித்ததற்கு ஏச்சு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றுதான் சொன்னார்.

நீங்களும் சந்தேகப்படத்தான் போகிறீர்கள். படாவிட்டால் இந்தத் தொழிலில் உங்களை ஒரு கிழமைக்குள் ஏமாற்றிவிடுவார்கள். தாளை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகியுங்கள், அதற்கு வாயில்லை, நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனிதருக்கு வாய் இருக்கிறது. முதலில் அவரிடம் கேளுங்கள். பிறகு அவர் சொன்னதைச் சந்தேகியுங்கள், நான் தடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் இன்னும் ஒரு தடவை கூடக் கேளுங்கள். வெட்கத்தை மறைக்க நான் எங்கள் ஆளைத்தான் முதலில் விற்கப் பார்த்தேன் என்பதை மறக்க வேண்டாம்.

"மூலையை ஒட்டித் தாறன். நாளைக்கு வந்து எடுங்கோ" என்றேன்.

"இல்லை அக்கா. இஞ்சை விட்டிட்டுப் போகேலாது" என்றார் பரமேஸ். குரலில் கோபமில்லை. "இப்ப ஒட்டுங்கோ. நான் இருக்கிறன்."

சின்யோரா முன்கடையிலிருந்து வந்து, இதற்கு மட்டும் என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பரமேஸ் ஒரு முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். காய்வதோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவர் என் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் தூரிகையை எடுக்கப் போனாலும் பார்த்தார், துணியை எடுக்கப் போனாலும் பார்த்தார். ஒரு தடவை தும்மல் வந்து நான் திரும்பியபோது, அவர் கை மெல்ல வந்து தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

முடித்து நீட்டினேன். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் சீலையில் சுற்றினார்.

"சரி, என்ரதான்" என்றார்.

நன்றி சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் எனக்குத்தான் தாங்கியிருக்காது.